இது எந்த அக்விலா? ஒரு லத்தீன் பெயரைப் பின்தொடர்ந்து செல்லும் வழி

சில ஆண்டுகளுக்கு முன் வானியல் கட்டுரை ஒன்றின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஒரு வரி: “அக்விலா என்னும் கழுகினத்தில் 1918ஆம் ஆண்டு மிகப் பிரகாசமான புதிய நட்சத்திரம் தோன்றியது.” கழுகுக்குள் நட்சத்திரம் எப்படித் தோன்றும் என்று மொழிபெயர்த்தவர் யோசிக்கவில்லை. ஏதோ ஓர் அகராதியில் ‘அக்விலா: கழுகுப் பேரினம்’ என்று இருந்திருக்கும், எடுத்து வைத்துவிட்டார். அங்கே அக்விலா என்பது ஒரு விண்மீன் குழுவின் பெயர். சிரித்துக்கொண்டே திருத்தினேன்.

அடுத்த மாதமே நான் எழுதிய குறிப்பு ஒன்றில், முதல் நூற்றாண்டில் கூடாரம் தைத்துப் பிழைத்த அக்விலாவையும் இரண்டாம் நூற்றாண்டில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த அக்விலாவையும் ஒரே ஆளாக்கிவிட்டேன். வேறொருவர் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

அதன் பிறகுதான் இந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் ஒரு வரிசையில் சோதித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. அக்விலா என்றால் லத்தீனில் கழுகு. ரோமாபுரிப் படைக்கொடியில், வானத்தில், பறவை நூலில், மீன் பட்டியலில், பைபிளில், இத்தாலியின் வரைபடத்தில், வாசனைக் கடையில் என்று எங்கெங்கோ தலைகாட்டும் சொல் இது. மொழிபெயர்ப்பிலோ கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுவதிலோ பறவை பார்ப்பதிலோ புதிதாக இறங்கியிருப்பவர்களுக்காக அந்த வரிசையை இங்கே எழுதிவைக்கிறேன். அக்விலாவைப் பழகிவிட்டால் மற்ற லத்தீன் பெயர்களிடமும் இதே வழியில் போகலாம்.

முதல் படி: மூல எழுத்துகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்

தமிழில் எழுதப்பட்ட பெயரை மட்டும் நம்பித் தேடத் தொடங்காதீர்கள். இதே பெயர் அக்விலா, அக்குயிலா, அகிலா என்றெல்லாம் தமிழில் எழுதப்படுகிறது. தமிழ் பைபிளில் அது ‘ஆக்கில்லா’. காரணம், அந்தப் பெயர் அங்கே லத்தீனிலிருந்து நேராக வராமல் கிரேக்கத்தின் ‘அகுலாஸ்’ வழியாக வந்தது. எனவே மூலத்தில் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அவற்றை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

ஒலிக்கும்போது முதல் அசை குறில்தான்: அக்-வி-லா, அழுத்தம் ‘அ’வின் மேல். ‘அக்வா’ என்றால் தண்ணீர். ‘அக்விலோ’ என்றால் வடகாற்று. ஒலி ஒற்றுமையைப் பார்த்து மூன்றையும் ஒரே குடும்பமாக்கிவிட வேண்டாம். ‘அக்விலீஜியா’ என்றொரு அழகான மலைப்பூ இருக்கிறது. அதன் இதழ்களின் பின்பக்கம் கழுகு நகம்போல வளைந்திருப்பதால் கழுகிலிருந்து வந்த பெயர் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்த வளைவில் தேன் தேங்குவதால் ‘நீர் சேர்ப்பது’ என்ற பொருள் என்று மறு சாரார் சொல்கிறார்கள். இரண்டையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம்.

இரண்டாம் படி: முதலில் நிற்கிறதா, இரண்டாவதாக நிற்கிறதா?

உயிரினப் பெயர்களுக்கு இந்தச் சோதனை போதும். அறிவியல் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் பேரினம். பெரிய எழுத்தில் தொடங்கும். இரண்டாவது சிற்றினம், சிறிய எழுத்தில் தொடங்கும். இரண்டும் சாய்வெழுத்தில் அச்சாகும்.

அக்விலா முதலில் நின்றால் அது பறவைதான். அந்தப் பேரினத்தை 1760இல் பிரிசோன் என்ற பிரெஞ்சு விலங்கியலர் நிறுவினார். அக்விலா கிரிசாயிட்டோஸ் என்பது பொன்னிறக் கழுகு. வட கோளம் முழுவதும் பரவியிருப்பது, மெக்சிகோவின் தேசியப் பறவை. அந்தப் பெயரின் இரண்டாம் சொல் கிரேக்கத்தில் ‘பொற்கழுகு’ என்று பொருள்படும். ஆக முழுப் பெயர் ‘கழுகு பொற்கழுகு’. ‘நடு சென்டர்’ என்று நாம் சொல்வதைப் போலத்தான்.

அக்விலா இரண்டாவதாக நின்றால் கழுகை மறந்துவிடுங்கள். மைலியோபாட்டிஸ் அக்விலா என்பது ஒரு திருக்கை மீன். சிறகு விரித்ததுபோல் கடலுக்குள் நீந்துவதால் ஸ்வீடன் இயற்கையியலர் லின்னேயஸ் 1758இல் கழுகின் பெயரை அதற்கு வைத்தார்.

இனி வால்பகுதியைக் கவனியுங்கள். மலைச்சரிவுகளில் மண்டிக் கிடக்கும் பெரணி ஒன்றின் பெயர் இன்று டெரிடியம் அக்விலினம். லின்னேயஸ் 1753இல் அதற்கு வைத்த பெயர் டெரிஸ் அக்விலினா. ‘கழுகுத்தன்மை உடையது’ என்ற அதே உரிச்சொல்தான். ‘னா’ ஏன் ‘னம்’ ஆனது? டெரிஸ் பெண்பால் சொல், டெரிடியம் அலிப்பால் சொல். பேரினம் மாறியதும் பின்னால் வரும் உரிச்சொல்லும் பால் மாறிக்கொள்கிறது. ‘வந்தாள்’ ‘வந்தது’ என்று எழுவாய்க்கு ஏற்ப முடிவை மாற்றிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. அந்தப் பெரணிக்கும் கழுகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், தண்டின் அடியைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரியும் கருங்கோடுகள் கழுகின் உருவம்போல இருக்கும் என்று சொல்வார்கள். கழுகு தெரிவதும் தெரியாததும் பார்ப்பவர் மனத்தைப் பொறுத்தது.

மூன்றாம் படி: பெயருக்குப் பின் வரும் ஆளையும் ஆண்டையும் படியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் இதுதான். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். அக்விலா ஃபாசியாட்டா என்ற பறவையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் பாறைக் குன்றுகளிலும் காண முடிகிற பொனெல்லி கழுகு. வெளிறிய மார்பில் கருங்கோடுகள், முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு. பழைய பறவை நூல்களில் இதன் பெயர் ஹயரேயீட்டஸ் ஃபாசியாட்டஸ். இருபெயர்களையும் பார்க்கும் புதியவர் இரண்டு பறவைகள் என்றே நினைப்பார். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அதைப் பழைய பேரினத்திலிருந்து எடுத்து அக்விலாவுக்குள் வைத்தார்கள். ஹயரேயீட்டஸ் ஆண்பால், அக்விலா பெண்பால். ஆகவே ஃபாசியாட்டஸ் ஃபாசியாட்டா ஆனது. பறவை ஒன்றுதான்.

இப்போது பெயருக்குப் பின்னால் பாருங்கள்: வியேயோ, 1822 என்று இருக்கும், அடைப்புக்குறி இல்லாமல். பொன்னிறக் கழுகுக்குப் பின்னாலோ லின்னேயஸ், 1758 என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும். முதன்முதலில் பெயர் வைத்தவர் எந்தப் பேரினத்தில் வைத்தாரோ அதே பேரினத்தில் இன்றும் இருந்தால் அடைப்புக்குறி வராது. இடம் மாறியிருந்தால் வரும். லின்னேயஸ் பொன்னிறக் கழுகை வல்லூறுகளோடு சேர்த்து ஃபால்கோ என்று வைத்திருந்தார், அதனால் அடைப்புக்குறி. வியேயோ 1822இலேயே பொனெல்லி கழுகை அக்விலா என்றுதான் அழைத்தார். இடையில் வந்தவர்கள் வேறு வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்பு வந்தவர்கள் பிறந்த வீட்டுக்கே திருப்பி அழைத்துவந்தார்கள். இவ்வளவு கதையும் ஒரு ஜோடி வளைகோடு இருக்கிறதா இல்லையா என்பதில் அடங்கிக் கிடக்கிறது.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. புள்ளிக் கழுகுகள் முன்பு அக்விலாவில் இருந்தன. இப்போது கிளாங்கா என்ற தனிப் பேரினத்துக்குப் போய்விட்டன. பழைய நூலில் அக்விலா கிளாங்கா என்று பார்த்தால் இன்றைய பெயர் கிளாங்கா கிளாங்கா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆகவே பறவைப் பெயரை எழுதும்போது நூலின் ஆண்டையும் பார்ப்பது அவசியம்.

களத்தில் பார்க்கும்போது இது அக்விலாதானா என்று சந்தேகம் வந்தால் காலைப் பாருங்கள். அக்விலாக்களுக்கு விரல் தொடங்கும் இடம்வரை காலை இறகு மூடியிருக்கும், காலுறை போட்டதுபோல. நம் ஊர் வானில் வட்டமிடும் கரும்பருந்துக்கும் செம்பருந்துக்கும் கீழ்க்கால் வெறுமையாக இருக்கும். பறந்துகொண்டிருக்கும் பறவையின் காலை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். உட்காரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் எச்சரிக்கை. ‘கழுகு’ என்ற நம் சொல் பேச்சுவழக்கில் வேட்டையாடும் கழுகையும் பிணம் தின்னும் பாறு என்னும் பறவையையும் ஒன்றாகவே சுட்டிவிடுகிறது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்துகொண்டிருந்த புகழ்பெற்ற இணை, அக்விலா இல்லை. அவை நியோஃப்ரான் பேரினத்தைச் சேர்ந்த மஞ்சள்முகப் பாறுகள். ஊரின் பெயரில் கழுகு இருப்பதால் லத்தீன் பெயரில் அக்விலாவைப் போட்டுவிடக் கூடாது. அரபு மொழியிலும் ‘நசர்’ என்ற ஒரே சொல் இரண்டு பறவைகளுக்கும் ஓடுகிறது. அது இப்போது நமக்கு வானத்தில் உதவப்போகிறது.

நான்காம் படி: முன்னால் கிரேக்க எழுத்து இருந்தால் வெளியே போய் வானத்தைப் பாருங்கள்

ஆல்ஃபா அக்விலே, ஈட்டா அக்விலே என்று வந்தால் அது விண்மீன். அக்விலே என்பது ‘கழுகினது’ என்ற ஆறாம் வேற்றுமை. கழுகு விண்மீன் குழுவின் முதல் விண்மீன், ஏழாம் எழுத்தைப் பெற்ற விண்மீன் என்று பொருள். லத்தீன் தெரியாதவருக்கு இந்த ‘ஏ’ முடிவு புதிராக இருக்கும். வேற்றுமை உருபு படித்த தமிழருக்கு ஒரே நொடியில் விளங்கிவிடும்.

ஆனால் ஒரு பொறி உண்டு. லத்தீனில் ‘கழுகுகள்’ என்ற பன்மையும் அக்விலே என்றே எழுதப்படும். போர் வரலாற்றில் அக்விலே வந்தால் பெரும்பாலும் பன்மை. விண்மீன் பட்டியலில் வந்தால் வேற்றுமை.

ஆல்ஃபா அக்விலேயின் வழக்குப் பெயர் ஆல்டேர். அரபில் ‘பறக்கும் நசர்’ என்ற தொடரின் கடைசித் துண்டு அது. அதைத் தமிழர்கள் வேறு பெயரில் நன்றாக அறிவார்கள்: திருவோணம். ஆல்டேரும் அதன் இருபுறமும் காவல்போல நிற்கும் இரண்டு மங்கலான விண்மீன்களும் சேர்ந்ததுதான் திருவோண நட்சத்திரம். வாமனனின் மூன்று அடிகள் என்று சொல்வதும் இந்த மூன்றையே. மதுரைக்காஞ்சி பாடும் ‘மாயோன் மேய ஓண நன்னாள்’ இந்த விண்மீனின் பெயரால் வந்த நாள்.

பார்க்கும் முறை எளிது. செப்டம்பர் பிற்பகுதியில் இரவு எட்டு மணி அளவில் மொட்டைமாடிக்குப் போய்த் தலையை நேராக மேலே தூக்குங்கள். திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆல்டேர் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே கடந்துபோகும். சென்னையில் இருப்பவர்களுக்குச் சற்றுத் தெற்கே. ஒரே கோட்டில் மூன்று விண்மீன்கள், நடுவில் இருப்பது வெண்மையாகவும் பளிச்சென்றும் இருக்கும், ஒரு பக்கத்துத் துணை செம்மஞ்சள் சாயலில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் நீங்கள் அக்விலாவைப் பார்த்துவிட்டீர்கள். அது நம்மிடமிருந்து சுமார் 17 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சூரியன் ஒருமுறை சுழல 25 நாள் எடுத்துக்கொள்ளும்போது ஆல்டேர் ஒன்பது மணி நேரம்போல எடுத்துக்கொள்கிறது. அந்த வேகத்தில் நடுப்பகுதி பிதுங்கி, தட்டிய இட்லிபோல ஆகியிருக்கிறது.

ஈட்டா அக்விலேயையும் வெறுங்கண்ணால் தேடலாம். ஏழு நாளைக்குச் சற்று மேல் ஆகும் ஒரு சுற்றில் அது மங்கி, மீண்டும் பிரகாசமாகும். இங்கிலாந்தின் யார்க் நகரில் எட்வர்ட் பிகாட் 1784 செப்டம்பரில் இதைக் கண்டுபிடித்தார். இப்படிச் சீரான சுற்றில் ஒளி கூடிக் குறையும் செபீட் வகை விண்மீன்களில் முதலில் கண்டறியப்பட்டது இதுதான். ஆனால் சில வாரம் கழித்து அவருடைய நண்பர் ஜான் குட்ரிக் கண்டுபிடித்த செஃபியஸ் குழு விண்மீனே அந்த வகைக்குப் பெயர் கொடுத்துவிட்டது. கழுகு தோற்றுப்போன இடம்.

நான் தொடக்கத்தில் சொன்ன 1918ஆம் ஆண்டின் புதிய நட்சத்திரமும் இந்தக் குழுவில்தான் ஜூன் 8 அன்று தெரிந்தது. நோவா அக்விலே என்பது அதன் பெயர். இருபதாம் நூற்றாண்டில் தெரிந்த நோவாக்களில் அதுவே மிகப் பிரகாசமானது. இன்று வங்கதேசத்தில் இருக்கும் யசோர் நகரின் கருவூல ஊழியர் இராதாகோவிந்த சந்திரா, யாரும் சொல்லாமல் தாமாகவே அதைக் கண்டுகொண்டவர்களில் ஒருவர்.

இன்னொரு பொறியும் இங்கேயே இருக்கிறது. தொலைநோக்கிப் படங்களால் புகழ்பெற்ற ‘கழுகு நெபுலா’ அக்விலாவுக்குள் இல்லை. பக்கத்தில் உள்ள பாம்புக் குழுவில் இருக்கிறது. பெயரில் கழுகு இருந்தால் அக்விலா குழு என்று முடிவுகட்டும் கட்டுரைகளைப் பல முறை பார்த்துவிட்டேன். பயனியர் 11 விண்கலம் போய்க்கொண்டிருப்பதோ உண்மையாகவே அக்விலாவின் திசையில்தான். அதன் விண்மீன் ஒன்றுக்கு அருகில் போய்ச்சேர சுமார் 40 லட்சம் ஆண்டு ஆகும்.

ஐந்தாம் படி: ரோமாபுரி என்று வந்தால் ஆண்டைக் கேளுங்கள்

ரோமப் படையில் அக்விலா என்பது ஒரு கம்பத்தின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் உலோகக் கழுகு. லீஜியன் என்னும் பெரும் படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதான். அதைச் சுமப்பவன் அக்விலிஃபெர். ஆரம்பத்திலிருந்தே கழுகு மட்டும்தான் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஓநாய், மினோட்டார், குதிரை, காட்டுப்பன்றி ஆகியவையும் முன்பு சின்னங்களாக இருந்தன என்றும், ரோமத் தளபதி மாரியஸ் தம் இரண்டாம் கான்சல் (ஆட்சித் தலைவர்) பதவிக் காலத்தில், அதாவது கி.மு. 104இல், கழுகை மட்டும் நிறுத்திக்கொண்டார் என்றும் ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆகவே அதற்கு முந்தைய போர் ஒன்றை விவரிக்கும்போது படை முழுவதற்கும் கழுகைக் கொடுத்தால் தவறு.

ஓர் உலோகப் பறவைக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதற்கு ஒரு காட்சி போதும். கி.மு. 55இல் சீசரின் கப்பல்கள் பிரிட்டன் கரையை நெருங்கின. கப்பல்கள் பெரியவை, கரைவரை போக முடியவில்லை. எதிரிகள் கரையில் நிற்கிறார்கள், நீரின் ஆழம் தெரியவில்லை, கனத்த கவசத்தோடு குதிக்க வீரர்கள் தயங்கினார்கள். பத்தாம் லீஜியனின் கழுகைச் சுமந்தவன் தெய்வங்களை வேண்டிக்கொண்டு, கழுகை எதிரியிடம் கொடுத்துவிட விருப்பமில்லாதவர்கள் குதியுங்கள் என்று கத்திவிட்டுக் கடலில் பாய்ந்தான். கழுகோடு எதிரியை நோக்கி நடந்தான். வேறு வழியில்லாமல் எல்லோரும் பின்னால் குதித்தார்கள். சீசரே எழுதியது, தம் படையைப் பற்றிச் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம், ஆனால் கழுகை இழப்பது எத்தகைய அவமானம் என்பது தெரிகிறது.

இழந்ததும் உண்டு. கி.மு. 53இல் கரே என்னுமிடத்தில் பார்த்தியர்களிடம் ரோமத் தளபதி கிராசஸின் படை கழுகுகளை இழந்தது. பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 20இல் பேச்சுவார்த்தையால் அவற்றைத் திரும்பப் பெற்றார், நாணயத்தில் அச்சிட்டார், பிரைமா போர்ட்டாவில் கிடைத்த அவருடைய சிலையின் மார்புக் கவசத்தில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அவர் காலத்திலேயே கி.பி. 9இல் டியூட்டோபர்க் காட்டில் 17, 18, 19 என்ற மூன்று லீஜியன்கள் அழிந்தன. மூன்று கழுகுகளும் ஜெர்மானியர் கைக்குப் போயின. 15இல் ஒன்று, 16இல் ஒன்று, 41இல் கடைசி ஒன்று என்று அவை மீண்டன. அந்த மூன்று எண்களை ரோமர்கள் வேறு எந்தப் படைக்கும் பிறகு வைக்கவில்லை.

அருங்காட்சியகப் படத்தைப் பார்த்து ‘ரோமப் படைக்கழுகு’ என்று எழுதப்போகிறவர்கள் ஒரு கணம் நில்லுங்கள். லீஜியனின் கழுகு ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. இங்கிலாந்தின் சில்செஸ்டரில் 1866இல் கிடைத்த வெண்கலக் கழுகை அப்படித்தான் நெடுங்காலம் நம்பினார்கள். அது ஒரு சிலையின் பகுதியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ரெடிங் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கட்டடக்கலையிலும் அக்விலா உண்டு. கோவில் முகப்பின் முக்கோணப் பகுதிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். கி.பி. 69இல் ரோமாபுரியின் கேப்பிட்டல் குன்றுக் கோவில் எரிந்தபோது அக்விலே தீப்பிடித்தன என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுவதைப் படித்துவிட்டுப் பறவைகள் கருகியதாக எண்ண வேண்டாம். எரிந்தது பழைய மரக்கட்டுமானம்.

ஆறாம் படி: ஆளா, ஊரா?

இங்கேதான் நான் விழுந்தேன். பவுலோடு சேர்ந்து கூடாரம் செய்த ஆக்கில்லா, அவர் மனைவி பிரிஸ்கில்லாள் ஆகியோர் பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறார்கள். ஆக்கில்லா கருங்கடலோரத்துப் பொந்து தேசத்தவர். எபிரேய வேதத்தைச் சொல்லுக்குச் சொல் கிரேக்கத்தில் பெயர்த்த அக்விலா, சினோப்பே நகரத்தவர். சினோப்பே இருப்பதும் பொந்துவில்தான். பெயரும் ஒன்று, நாடும் ஒன்று. காலத்தால் மட்டுமே பிரிகிறார்கள்: முன்னவர் முதல் நூற்றாண்டு, பின்னவர் இரண்டாம் நூற்றாண்டு. எனவே ஆள் பெயரென்றால் ஊரைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாமல் நூற்றாண்டையும் தொழிலையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாமவரின் மொழிபெயர்ப்பு மூலத்தை விட்டு அணுவும் அசையாதது. கிரேக்கம் தாங்காத இடத்திலும் எபிரேய வாக்கிய அமைப்பையே பிடித்துக்கொண்டது. இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் சிலருக்குக் குலதெய்வமாக வைக்கலாம்.

ஊர் என்றால் முன்னால் ‘ல்’ இருக்கிறதா என்று பாருங்கள். இத்தாலியின் லாக்விலா பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த மலைநகரம். 99 ஊர்கள் சேர்ந்து அமைத்தது என்பது மரபு, 99 வாய்கள் கொண்ட நீரூற்று அதற்குச் சாட்சியாகக் காட்டப்படுகிறது. 1939வரை அதன் பெயர் அக்விலா தெலி அப்ருட்சி. பழைய வரைபடத்தில் வேறு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். 2009 ஏப்ரல் 6 அன்று 309 பேரைப் பலிகொண்ட நிலநடுக்கம் தாக்கிய ஊர் இதுவே. வடக்கே கடலோரம் இருக்கும் அக்விலேயா முற்றிலும் வேறு, ரோமர்கள் கி.மு. 181இல் அமைத்த குடியேற்றம்.

ஆளில்லா விமானங்களுக்கும் இந்தப் பெயர் பிடித்துப்போனது. ஃபேஸ்புக் நிறுவனம் 2016இல் பறக்கவிட்ட சூரிய ஆற்றல் விமானத்தின் பெயர் அக்விலா. 2018இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஏழாம் படி: கழுகே இல்லாத அக்விலா

எல்லாச் சோதனையும் முடிந்து, பெயருக்கும் பொருளுக்கும் ஒட்டவில்லை என்றால், பெயர் வைத்தவர் தவறாகக் கேட்டிருக்கலாமா என்று யோசியுங்கள். இதற்கு உலகிலேயே நல்ல எடுத்துக்காட்டு நம் வீட்டுக்குள் இருக்கிறது.

அக்விலேரியா என்று ஒரு மரப் பேரினம். பிரெஞ்சு இயற்கையியலர் லமார்க் 1783இல் பெயர் வைத்தார். தென்கிழக்கு ஆசியாவிலும் அசாமிலும் வளர்வது. வெட்டினால் சாதாரண மரம். வெளிறிய நிறம், லேசானது, மணமும் இல்லை. மரம் காயப்பட்டுப் பூஞ்சை புகுந்தால் தன்னைக் காத்துக்கொள்ளக் கருமையான பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிய கட்டைக்குத்தான் மணம். நல்ல தரமான துண்டு தண்ணீரில் மூழ்கிவிடும். சீனர்கள் அதற்கு ‘மூழ்கும் வாசனை’ என்றே பெயர் வைத்தார்கள். அந்த மரத்தில் கழுகு கூடு கட்டுவதில்லை, இலையும் கழுகுபோல இல்லை, பூவும் இல்லை.

நாம் அதை அகில் என்கிறோம். மலையாளத்திலும் அகில். வாசனைப் பொருள் தேடிக் கடல் கடந்து வந்த போர்ச்சுகீசியர் காதில் அகில் விழுந்தது. அவர்கள் நாவில் அது ‘ஆகிலா’ ஆயிற்று. அது அவர்கள் பக்கத்து மொழிகளில் கழுகைக் குறிக்கும் சொல்லாகவே ஒலித்தது. கற்றவர்கள் அதை லத்தீனில் ‘லிக்னும் அக்விலே’ என்று திருத்தமாக எழுதினார்கள்: கழுகின் மரம். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் மொழியில் கழுகு மரம் என்று பெயர்த்தார்கள், ஆங்கிலேயர்களும் அப்படியே. லமார்க் அதை அறிவியல் பெயராக்கி முத்திரை குத்தினார். இப்போது அதைத் தமிழில் ‘கழுகு மரம்’ என்று மொழிபெயர்ப்பவர், நம் வீட்டுச் சொல்லை உலகம் சுற்றவிட்டு, அடையாளம் தெரியாமல் வாசலில் நிறுத்திவைக்கிறார்.

ஆனால் அடுத்த பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. பட்டினப்பாலை ‘குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும்’ என்று மேற்கு மலையின் அகிலைச் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்று அழைக்கப்படும் மரம் வேப்பங்குடும்பத்தைச் சேர்ந்தது, அக்விலேரியா இல்லை. எனவே சங்கப் பாடலில் அகில் வந்த இடமெல்லாம் அக்விலேரியா என்று லத்தீன் பெயரைச் செருகுவது, கழுகு வந்த இடமெல்லாம் அக்விலா என்று எழுதுவதைப் போன்ற அதே பிழைதான்.

அத்தர் புட்டியில் அக்விலேரியா மலாக்கென்சிஸ் என்று அச்சிட்டிருந்தால், இரண்டாம் சொல்லின் ‘என்சிஸ்’ முடிவைப் பாருங்கள்: ‘அந்த ஊரைச் சேர்ந்தது’ என்று பொருள். மலாக்காவைச் சேர்ந்த அகில். அக்விலேரியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் நாடுவிட்டு நாடு கொண்டுபோக அனுமதிச் சீட்டு தேவைப்படலாம். வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் குறிப்பேட்டில் இந்தச் சொல்லுக்கான பக்கம் இப்போது இப்படி இருக்கிறது. மேலே மூல எழுத்துகள். கீழே ஐந்து கேள்விகள்: சாய்வெழுத்தா, எத்தனையாவது சொல், முடிவு என்ன, எந்த நூற்றாண்டு, எந்த ஊர். ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் விடை. கடைசியில் சிவப்பு மையில் ஒரு வரி, ‘அகிலா என்று பார்’.